துருவத் தலைவரின் மூக்கு

கோயம்புத்தூரில் ஒருவர் துருவ வழிகாட்டுநர் ஆவது எப்படி என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இந்தக் கதையில் வருகிற பெரியவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று வாசகர் வீணாகக் குழம்ப நேரிடும்.

துருவத்துக்குப் போய்வருவது ஒரு வழி. கொங்கு மண்டலத் துருவக் கல்விப் பயண வழிகாட்டுநர் பேரவை அந்த வழியை ஏற்பதில்லை. போய்வந்தவருக்குத் தான் நின்ற இடம் மட்டும்தான் தெரியும், போகாதவருக்கே முழுத் துருவத்தையும் பற்றிப் பேசும் உரிமை இருக்கிறது என்பது பேரவையின் அடிப்படைக் கொள்கை. ஆகவே அங்கே வேறொரு முறை. முதலாமவர் இரண்டாமவரை நிபுணர் என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்துவார். இரண்டாமவர் மூன்றாமவருக்குப் போர்த்துவார். மூன்றாமவர் சுற்றிவந்து முதலாமவருக்குப் போர்த்துவார். தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் முக்காலி ஆடாது. நான்காவது கால் வைத்தால்தான் தகராறு. பேரவையும் இதை அறிந்து மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டது.

அலுவலகம் காந்திபுரத்தில், செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி. ஏசியை எப்போதும் பதினாறில் வைத்திருப்பார்கள். உள்ளே வருகிறவர் கைகளைத் தேய்த்தபடி ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். கொடுக்காதவரிடம் யாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

தலைவர் அழகிரிசாமி. பம்புசெட் தொழிற்சாலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தவர். கனடாவில் இருக்கிற மகன் ரோஹனைப் பார்க்கப் போனபோது விமானம் வடதுருவத்துக்குப் பக்கமாகப் பறந்தது. அப்போது ஜன்னலை மூடிவிட்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். “துருவம் எனக்குக் கீழதானுங்க இருந்துச்சு” என்று மேடையில் இதைச் சொல்லுவார். கைதட்டுவார்கள். ‘துருவச் செம்மல்’ என்பது அவருடைய பட்டம். செயலாளர் மனோஜ்குமார் முன்பு ஊட்டிக்கு வேன் ஓட்டியவர், இப்போது உறைபனி நடத்தை நிபுணர். மூன்றாமவர் ஷ்ரவ்யா. குழந்தைகளுக்கு அழகான கையெழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், துருவ மனநிலை ஆலோசகராக உயர்ந்தார். மாணவரின் துருவ மனநிலையை அவர் அளந்து சொல்லுவார். எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்பவருக்கு அது குறைவாக இருக்கிறது என்று பொருள்.

இவர்களுக்கு முன்னால்தான் ஒருநாள் பல்லடத்திலிருந்து அருள்குமார் தன் மகள் கனிஷ்காவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அருள்குமார் விசைத்தறி வைத்திருப்பவர். மரியாதைக்காரர். பேச்சில் எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். ஓடிக்கொண்டிருக்கும் தறி நூல் அறுந்து நின்றால் அதனிடமும் குனிந்து, “ஏனுங்க, நின்னுபோட்டீங்க?” என்பார். கனிஷ்கா ஒன்பதாவது படிக்கிறாள். அவளுடைய பள்ளியிலிருந்து கோடை விடுமுறையில் சில மாணவர்கள் வடதுருவக் கடலுக்குக் கப்பலில் போகிறார்கள் என்றும், யாரை ஏற்றலாம் என்பதைப் பேரவை முடிவுசெய்யும் என்றும் அறிவிப்பு வந்திருந்தது. ‘தகுதி’ என்று பேரவை எழுதினால் கப்பல். எழுதாவிட்டால் பல்லடம்.

கனிஷ்காவுக்குப் போக வேண்டிய காரணம் ஒன்றே ஒன்று. கடல் உறையும்போது தண்ணீர் மட்டும்தான் பனிக்கட்டியாக அடுக்கிக்கொள்ளும், உப்புக்கு அந்த அடுக்கில் இடம் கிடையாது, உப்பு வெளியே தள்ளப்பட்டுக் கீழே கடலுக்குப் போய்விடும், வருடக்கணக்கில் கிடக்கும் கடல் பனியை உருக்கினால் குடிக்கவே குடிக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டாள். அன்றையிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

“அப்பா, அத்தாப்பெரிய கடல்ல இருந்து ஒரு துண்டு எடுத்து நான் நக்கிப் பாக்கோணும்.”

“அதுக்காகவா கண்ணு அவ்வளவு தூரம்?”

“வேற எதுக்குப் போவாங்க?”

அருள்குமார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஷ்ரவ்யா நேர்காணலைத் தொடங்கினார். “குளிர்னா என்னம்மா?”

“சூடு நம்ம ஒடம்புல இருந்து வெளிய போறதுங்க மேடம்.”

“தப்பு. குளிர்ங்கறது ஒரு மனப்பான்மை. பயப்படறவங்களுக்குத்தான் அது குளிர். ஏத்துக்கறவங்களுக்கு அது வெறும் காத்து.” மனோஜ்குமார் தலையாட்டினார். அருள்குமாரும் ஆட்டினார். ஏசி நேராக அவர் பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது, தலை தானாகவே ஆடியது.

கனிஷ்கா கொஞ்சம் யோசித்தாள். “மேடம், நீங்க துருவத்துக்குப் போயிருக்கறீங்களா?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அருள்குமார் எழுந்து நின்று, “சின்னப் பிள்ளைங்க, தெரியாம கேட்டுபோட்டுதுங்க” என்றார்.

மனோஜ்குமார் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். “ஏங்கண்ணு, நீங்க வர்ற வழியில கைகாட்டி இருக்குதில்லை? பல்லடம்னு அம்புக்குறி போட்டு? அது பல்லடத்துக்கு வழி காட்டுது. அது பல்லடம் போயிருக்குதா?”

“இல்லீங்க.”

“போனா என்ன ஆகும்?”

“வழியில கைகாட்டி இருக்காதுங்க.”

“அவ்வளவுதான். நாங்க போயிட்டா இங்க வழி காட்டறது ஆரு?”

தலைவர் புன்னகைத்தார். கனிஷ்கா அடுத்த கட்டத்துக்கு அனுப்பப்பட்டாள். கேள்வி கேட்டதற்காக அவளுடைய மனநிலையில் கொஞ்சம் குறைக்கப்பட்டது. அடுத்த கட்டம், மாணவர்களைக் குளிருக்குப் பழக்கும் குளிரேற்ற விழா.

விழா நடந்த இடம் பல்லடத்துக்கு வெளியே, கோழிக்கறி பதப்படுத்தும் ஒரு நிறுவனத்தின் குளிர்க்கிடங்கு. இதன் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். சுவர், கூரை, கதவு எல்லாமே இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கெட்டி நுரையை அடைத்துச் செய்தவை. உள்ளிருக்கும் சூட்டைக் குழாய்கள் உறிஞ்சி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடும். நுரை, வெளிச்சூட்டை உள்ளே விடாது. எப்போதும் மைனஸ் பதினெட்டு. கதவு ஒரு சாண் தடிமன், வெளியே தாழ் விழுந்துவிட்டால் உள்ளேயிருந்து இழுத்துத் திறக்க முடியாது. அதனால் எல்லாக் குளிர்க்கிடங்கிலும் கதவை ஒட்டிய உட்சுவரில் ஒரு பச்சைக் குமிழ் வைத்திருப்பார்கள். இருட்டிலும் மின்னும். அதன் பின்னால் ஒரு கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. குமிழை ஒரு சாண் ஆழத்துக்கு உள்ளே தள்ளினால் கம்பி போய் வெளித்தாழைப் பெயர்த்துவிடும், கதவு திறந்துகொள்ளும். மின்சாரம் தேவையில்லை, சாவி தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. மனிதர்கள் கண்டுபிடித்தவற்றில் இவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட பொருட்கள் குறைவு.

அந்தக் குமிழின் மேல்தான் பேரவை தன் பேனரைக் கட்டியது.

பேனர் பெரிது. நடுவில் தலைவரின் முகம், பனிமலைக்கு முன்னால். இருபுறமும் மற்ற இரு நிபுணர்களின் முகங்கள், கொஞ்சம் சிறியதாக. கீழே வடதுருவத்தில் இல்லாத பென்குயின்கள். விழாவுக்குச் சீக்கிரம் வந்துவிட்ட பெற்றோர் என்பதால் ஏணியைப் பிடிக்கும் வேலை அருள்குமாருக்குக் கிடைத்தது.

“ஏனுங்க,” என்றார் மேலே நின்ற மனோஜ்குமாரிடம். “இதுக்குப் பின்னால பச்சையா ஒரு குமிழ் இருக்குதுங்களே. எழுதியும் வச்சிருக்குதுங்க, அவசரத்துக்குத் தள்ளவும்னு.”

“நமக்கு என்னங்க அவசரம்? சுவருக்கு நடுமையமா வந்துருச்சா, அதைப் பாருங்க.”

பேனரை நான்கு மூலையிலும் நைலான் கயிறு போட்டுச் சுருக்கமே விழாமல் இழுத்துக் கட்டினார்கள். குமிழ் பின்னாலிருந்து முட்டியது. முட்டிய இடம் தலைவரின் மூக்கு. படத்தில் மூக்கு மட்டும் முன்னால் புடைத்து நின்றது. தலைவர் வந்து பார்த்துவிட்டு மனோஜ்குமாரின் தோளைத் தட்டினார். “உசிரோட இருக்குதய்யா. எந்தப் பிரஸ்ல போட்டீங்க?”

கிடங்கில் அன்று பொறுப்பில் இருந்தவர் ரசாக். அவரிடம் ஷ்ரவ்யா கண்டிப்பாகச் சொன்னார். “நாங்க உள்ள போனதும் கதவைச் சாத்திருங்க. தட்டினாலும் திறக்கக் கூடாது. கத்தினாலும் திறக்கக் கூடாது. அதெல்லாம் பயிற்சியில வரும்.”

“எப்பத்தானுங்க திறக்கறது?”

“நன்றியுரை முடிஞ்சதும்.”

“வெளிய கேக்காதுங்களே மேடம்.”

“நாங்களா வருவோம்.”

மாணவர்கள் அரை டஜன் பேர். ஒவ்வொருவருக்கும் பேரவையின் முத்திரை போட்ட மெல்லிய மழைச்சட்டை கொடுக்கப்பட்டது. மழை பெய்தால் அது நனையாது. நிபுணர்கள் மட்டும் ஊட்டியிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த தடித்த கோட்டு போட்டிருந்தார்கள். சொந்தப் பாதுகாப்புக்காக அல்ல, மாணவர்கள் துருவ ஆடையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அருள்குமார் தன் கழுத்துத் துண்டை எடுத்து மகளின் காதைச் சுற்றிக் கட்டினார். ஷ்ரவ்யா அதை அவிழ்க்கச் சொன்னார். “வெளி உதவி வாங்கக் கூடாதுங்க. அங்க போயி அப்பாவா வருவாரு?” அருள்குமார் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கோழிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூச்சு விட்டால் புகை வந்தது. கதவு சாத்தப்பட்டது. மொத்த நிகழ்ச்சியும் ஒரு காபி குடிக்கிற நேரம்தான் என்று சொல்லித்தான் பெற்றோர் உட்பட எல்லோரையும் உள்ளே அழைத்திருந்தார்கள். முதலில் குத்துவிளக்கு.

குத்துவிளக்கு எப்படி எரிகிறது என்று நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. எரிவது திரி அல்ல, எண்ணெய். திரியின் நூலிழைகளுக்கு நடுவிலிருக்கும் நுண்ணிய சந்துகளில் எண்ணெய் தானாக ஏறி மேலே வருகிறது. ஏற வேண்டுமானால் அது தண்ணீர்போல ஓட வேண்டும். மனோஜ்குமார் முன்யோசனைக்காரர். விளக்கும் துருவத்துக்குப் பழக வேண்டும் என்று முந்தின நாளே எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, கிடங்குக்குள் வைத்துவிட்டார். எண்ணெய் மெழுகாகியிருந்தது. தலைவர் தீக்குச்சியை நீட்டினார். திரி ஒருகணம் பற்றி, தன்னையே தின்று, கருகி நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது.

“காத்துங்க” என்றார் மனோஜ்குமார்.

“காத்து எங்க இருக்குது?” என்றார் தலைவர்.

“மனப்பான்மைல இருக்கலாமுங்க” என்று கனிஷ்கா பக்கத்திலிருந்த பையனிடம் சொன்னாள். பற்கள் அடித்துக்கொண்டதால் அது யாருக்கும் புரியவில்லை.

ஐந்து முகமும் எரியாமல் விழா தொடங்கியதாகக் கொள்ள முடியாது. தொடங்காத விழாவை முடிக்கவும் முடியாது. இது பேரவையின் விதியல்ல, நம் எல்லா மேடைகளின் விதி. தீப்பெட்டி காலியானது. கடைசியில் தட்டிலிருந்த கற்பூரத்தைத் திரிகளின்மேல் வைத்து, சிகரெட் லைட்டரால் கொளுத்தினார்கள். கற்பூரம் எரிந்தது. விளக்கு எரிவதாக அறிவிக்கப்பட்டது. பிறகு வரவேற்புரை. பிறகு தலைவருக்குப் பொன்னாடை. கோட்டுக்குமேல் அது நிற்காமல் வழுக்கி விழுந்தது. இரண்டாவது முறை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் உரை. உள்ளே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அன்பு மாணவச் செல்வங்களே! இங்க அடுக்கியிருக்கற கோழிகளை நீங்க பென்குயினா நினைச்சுப் பாருங்க. அதுக நடுங்குதா? நடுங்கலை. ஏன்? பக்குவம்! நான் துருவத்துக்கு மேல போனப்ப நடுங்கினனா? இல்லை. தூங்கினேன். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்கோணும்னுதான் இந்த வயசுல...”

மாணவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஷ்ரவ்யா வரிசையில் நடந்து யார் யார் எவ்வளவு நடுங்குகிறார்கள் என்று கவனித்தார். நடுக்கம், ஒழுக்கக் குறைவு.

நடுக்கம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பின் சூடு குறையும்போது தசைகள் எந்த வேலையும் இல்லாமல் தாங்களாகவே படபடவென்று இயங்கிச் சூடு உண்டாக்குகின்றன. அது உடம்பு போடும் சண்டை. நடுங்குகிறவரைப் பற்றி உடனே பயப்பட வேண்டியதில்லை. குளிரிலேயே நின்றுகொண்டு, கோட்டோ நெருப்போ இல்லாமல், ஒருவர் நடுங்குவதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும். சண்டை போட உடம்பிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.

ஷ்ரவ்யா கனிஷ்காவின் முன்னால் நின்றார். முகம் மலர்ந்தது. “சார், ஒரு நிமிஷம்! இந்தப் பொண்ணைப் பாருங்க. நடுக்கம் நின்னு போச்சு! துருவ மனநிலை வந்துருச்சு!”

தலைவர் உரையை நிறுத்திக் கைதட்டினார். மனோஜ்குமார் தட்டினார். விறைத்த கைகளால் சில பெற்றோரும் தட்டினார்கள். அருள்குமாருக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அருகில் போய்ப் பார்த்தார். அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கண்கள் அவரைத் தாண்டி ஒரு கோழிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“கண்ணு. கடல் உறைஞ்சா உப்பு எங்கே போகும்?”

“எந்த... உப்பு?” என்றாள் கனிஷ்கா.

அருள்குமார் திரும்பிக் கதவைத் தட்டினார். உள்ளங்கையால், பிறகு முட்டியால், பிறகு காலால். வெளியே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரசாக் அதைக் கேட்டார். சொன்னபடியே நடக்கிறது என்று திருப்தியடைந்து தன் டீயைத் தொடர்ந்தார்.

“ஏனுங்க, தட்டாதீங்க. உரை நடந்துட்டிருக்குது” என்றார் மனோஜ்குமார்.

“பிள்ளைக்கு ஆகலீங்க. கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

“நன்றியுரைக்கு முன்னால திறக்க வழி இல்லீங்க.” சொல்லிவிட்டு, சொன்னதன் பொருள் புரிந்து, மனோஜ்குமார் தன் செல்போனை எடுத்தார். இரும்புத் தகட்டைத் தாண்டி அலை வராது. ஷ்ரவ்யாவும் எடுத்துப் பார்த்தார். தலைவர் உரையை முடித்துக்கொண்டார். அவருடைய வாழ்வில் யாரும் கேட்டுக்கொள்ளாமலே உரை முடிந்தது அது ஒருமுறைதான்.

“அந்தக் குமிழைத் தள்ளலாமுங்க” என்றார் அருள்குமார். “பேனருக்குப் பின்னால இருக்குதுங்க.”

“எங்க?”

அருள்குமார் கையைக் காட்டினார். எல்லோரும் தலைவரின் மூக்கைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள்.

மனோஜ்குமார் கயிறுகளைப் போய்த் தொட்டுப் பார்த்தார். விறைத்துக் கம்பியாகியிருந்தன. ஏணி வெளியே. பேனரின் கீழ்விளிம்பைத் தூக்கினார். சுருக்கமில்லாமல் கட்டியது அவரேதான், விரல் நுழையவில்லை. மேலாக மூக்கை அழுத்தினால் போதுமே என்று ஒரு பெற்றோர் மெதுவாகச் சொன்னார். மனோஜ்குமார் இரண்டு விரலால் மரியாதையாக அழுத்தினார். குமிழ் அசையவில்லை. பேனர் வெயிலில் துணிபோல வளையும் பொருள். அப்படி வளைவதற்காக அதில் ஒரு மெதுப்புச் சரக்கைக் கலந்திருப்பார்கள், கடுங்குளிரில் அது வேலை செய்யாது, பேனர் தகடாகிவிடும்.

“அப்ப கிழிக்கோணுமுங்க” என்றார் அருள்குமார்.

பேரவையின் அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. மூவரும் கோழிப் பெட்டிகளுக்கு நடுவே தலைகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

“கிழிக்கறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்லை” என்றார் தலைவர். “ஆனா அது என்ற முகம் இல்லை பாருங்க. பேரவையோட முகம். நாளைக்கு ஒரு போட்டோ வெளிய போச்சுன்னா, மூக்கு இல்லாத பேரவைன்னு பேசுவானுக.”

“ஓரத்துல கிழிச்சு உள்ள கை விடலாமே சார்?” என்றார் ஷ்ரவ்யா.

“ஓரத்துல உங்க போட்டோ இருக்குதும்மா.”

ஷ்ரவ்யா தன் படத்தைப் பார்த்தார். “அப்ப வேண்டாமுங்க சார்.”

“ஒரு தீர்மானம் போட்டுடலாமுங்க” என்றார் மனோஜ்குமார். “தவிர்க்க முடியாத சூழ்நிலையில, தலைவரோட பெருந்தன்மையான ஒப்புதலோட, அன்னாருடைய மூக்குப் பகுதியை மட்டும்...”

“அன்னாருன்னு போடாதீங்க. செத்தவனைச் சொல்ற மாதிரி இருக்குது.”

“அப்ப ‘செம்மல் அவர்களுடைய’.”

“ஆங். முன்மொழியறது ஆரு?”

அருள்குமார் கனிஷ்காவைத் தன் துண்டால் சுற்றி, சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, இன்னொரு தாயின் மடியில் சாய்த்துவிட்டு வந்தார். பனியனோடு கூட்டத்தின் நடுவே நுழைந்தார். மனோஜ்குமார் குறுக்கே கையை வைத்தார்.

“தள்ளு” என்றார் அருள்குமார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அங்கிருந்த யாரும் கேட்டதில்லை. பல்லடத்திலும் யாரும் கேட்டதில்லை. மனோஜ்குமார் தள்ளிக்கொண்டார். அருள்குமார் பின்னால் ஓர் அடி வைத்து, கையை மடக்கி, தலைவரின் மூக்கில் ஓங்கி ஒரு குத்துவிட்டார். மெதுப்பில்லாத பேனர் அப்பளம்போல நொறுங்கியது. முழங்கைவரை உள்ளே போனது. கம்பி போய் வெளித்தாழைப் பெயர்த்தது. கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.

முதலில் வெளியே வந்தவர் தலைவர்.

இரண்டாவது மனோஜ்குமார், மூன்றாவது ஷ்ரவ்யா. பொன்னாடை வாசலில் கிடந்தது. பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதை மிதித்துக்கொண்டு வந்தார்கள். ரசாக் எழுந்து நின்று, “ரொம்ப நேரமாத் தட்டுனீங்க. சொன்ன மாதிரியே நான் அசையலீங்க” என்றார். அருள்குமாரின் கையில் கனிஷ்காவைப் பார்த்ததும் நாற்காலியைத் தட்டிவிட்டுப் போய் கிடங்கு வேனின் சீட்டிலிருந்த கம்பளியை இழுத்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சூட்டுக் கம்பளிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா லோகப்பிரியா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டு, இடையிடையே கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கனிஷ்கா மறுபடி நடுங்கத் தொடங்கினாள். டாக்டர் நல்லது என்றார். கொஞ்சம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, “கீழ போயிரும்ப்பா” என்றாள்.

“எது கண்ணு?”

“உப்பு. கேட்டீங்கல்ல.”

அருள்குமார் தன் துண்டை எடுத்து, மறுபடி அவள் காதைச் சுற்றிக் கட்டினார்.

அந்த வாரமே பேரவையின் செய்திக்குறிப்பு வந்தது. குளிரேற்ற விழா மாபெரும் வெற்றி, கொங்கு மண்டலத்தில் முதன்முறையாகத் துருவச் சூழலிலிருந்து அனைவரும் உயிருடன் மீண்டனர், மீட்பைத் தலைவர் முன்னின்று நடத்தினார் என்று அதில் இருந்தது. முதலில் ஓடியதைப் பற்றி ஒரு நிருபர் கேட்டாராம். “வழிகாட்டி முன்னால போகாம பின்னாலயாங்க போவான்?” என்று தலைவர் திருப்பிக் கேட்டாராம்.

அருள்குமாரை விசாரணைக்கு அழைத்தார்கள். காந்திபுரம் அலுவலகம். பதினாறில் ஏசி. அவர் கையைத் தேய்க்கவில்லை, சத்தமும் கொடுக்கவில்லை, நேராக உட்கார்ந்தார். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

“இங்க ஆரும் உங்களைத் தப்புச் சொல்லலை” என்றார் தலைவர். “பிள்ளைப் பாசம். புரியுது. ஆனா குத்தின இடம் பாருங்க. கன்னத்துல குத்தியிருக்கலாம். நெத்தியில குத்தியிருக்கலாம்.”

“குமிழ் மூக்குலதானுங்க இருந்துச்சு.”

“அதைத்தான் சொல்றேன். நீங்க குமிழைப் பாத்தீங்க, மூக்கைப் பாக்கலை. செயலாளரை ‘தள்ளு’ன்னு வேற சொல்லிப்போட்டீங்க. வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமேல் இப்படி நடக்காதுன்னு சொல்லுங்க. பாப்பா விஷயத்தை நாங்க மறுபரிசீலனை செய்யறோம்.”

அருள்குமார் யோசித்தார். கப்பல், கடல், பனித்துண்டு, அதை நக்கிப் பார்க்கும் பெண். எல்லாம் ஒரு வார்த்தையில் இருந்தது. கைகூப்பினார். கட்டுப்போட்ட கை சரியாகக் கூடவில்லை.

“தப்புத்தானுங்க. அடுத்த தடவை சொல்லிட்டுக் குத்தறனுங்க.”

முடிவுகள் வெளியாகின. மாணவர்கள் யாருக்கும் தகுதி இல்லை, எல்லோரும் நன்றியுரைக்கு முன்பே வெளியேறியவர்கள். கனிஷ்காவுக்கு மட்டும் தனிக் காரணம் எழுதியிருந்தார்கள்: ‘இம்மாணவிக்குக் குளிருகிறது.’ கப்பலில் இடங்கள் காலியாகவே இருந்ததால் நிபுணர்களே போய்வரலாமே என்று பள்ளி நிர்வாகம் கெஞ்சியது. பேரவை கூடி ஆராய்ந்து மறுத்துவிட்டது. துருவத்துக்குப் போய்வந்தவர் வழிகாட்டுநராக நீடிக்க விதியில் இடமில்லை. கப்பல் போய்விட்டது.

ஆனால் பேரவை பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த விழாவுக்குப் புதிய பேனர் அடித்தார்கள். இன்னும் பெரிது. அதே இடத்தில் கட்டினார்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது, பச்சைக் குமிழ் அதன் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு மின்னியது. வெளியே போக விரும்பும் மாணவர்கள் வரிசையில் வந்து, தலைவரை வணங்கி, மூக்கை அமுக்கிவிட்டுச் செல்லலாம். இருட்டிலும் தெரிகிறதே என்று தலைவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

பல்லடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோகப்பிரியா ஃப்ரீசரைத் திறந்துவிட்டுக் கத்தினாள். “ஏங்க, இட்லி மாவை எடுத்து வெளிய வச்சது ஆரு? உள்ள ஒரு குண்டாத் தண்ணி நிக்குது!”

“தொடாதீங்கம்மா!” என்று கனிஷ்கா ஓடிவந்தாள். உப்புத் தண்ணீர். மேலே ஒரு விரற்கடைக்குப் பனி பிடித்திருந்தது, கீழே இன்னும் தண்ணீர். முழுவதும் உறையவிட்டால் உப்பு ஓட வழியின்றி உள்ளே மாட்டிக்கொள்ளும், பாதியில் எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தாள். பனித்தட்டைத் தூக்கி, குழாயில் ஒருமுறை கழுவி, உடைத்து, ஒரு துண்டைத் தன் வாயிலும் ஒன்றை அப்பாவின் வாயிலும் வைத்தாள்.

அருள்குமார் சப்பிப் பார்த்தார்.

“எப்படிப்பா இருக்குது?”

“உப்பு கம்மிதான் கண்ணு.” குளிரில் அவர் தாடை அடித்துக்கொண்டது. “நெசமாலுமே கம்மி.”